நெற்றிப்பொட்டைத் தேய்த்தால் தலைவலி ஏன் குறைகிறது?

"தலை பாரமாக இருக்கும்போது நெற்றிப்பொட்டை நானே தேய்த்துவிட்டால் இதமாக இருக்கிறது. இது நிஜமா, மனப்பிராந்தியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிஜம்தான். அதற்குப் பலரும் சொல்லும் காரணம்தான் தவறு.

இரண்டு விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து, கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் புடைத்து எழுவது மெல்லும் தசை. காதுக்கு மேலே பரவி, கன்ன எலும்புக்கு அடியில் நுழைந்து கீழ்த்தாடையைப் பிடித்து நிற்கிறது. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சில மில்லிமீட்டர் விலகியிருப்பதே இயல்பு. கவலையிலோ, திரையை உற்றுப் பார்க்கும்போதோ நம்மை அறியாமல் பல்லைக் கடிக்கிறோம். கடிப்பது தாடை, வலிப்பது தலை.

தேய்த்தால் "தேங்கிய நச்சு வெளியேறும்" என்பார்கள். அங்கே அப்படி எந்த நச்சும் தேங்கியிருப்பதில்லை; இந்தப் பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும். தசை கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் எனக்குத் தீராத வியப்பு, மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டில் நடப்பதுதான்.

முகத்தின் தொடுவுணர்வும் வலியும் பெரும்பாலும் ஐந்தாவது கபால நரம்பின் (மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகளில் ஒன்று) வழியாகவே உள்ளே போகின்றன. ஆனால் இழைகள் வேறு. தொடுகையைச் சுமக்கும் தடித்த இழைகளின் வேகம் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர். மந்தமாக நீடிக்கும் வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளில் அது நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. இரண்டும் மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடத்தில் குட்டி நரம்பணுக்கள் காவலிருக்கின்றன. தடித்த இழைகளில் சேதி வந்தால் அவை தூண்டப்பட்டு, வலிச்சேதியை மேலே அனுப்பும் நரம்பணுவை அடக்குகின்றன. வலி கிளம்பும் இடத்தில் எதுவுமே மாறாமல், மூளைக்குப் போய்ச் சேரும் வலி மட்டும் குறைகிறது! வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் முதுகுத் தண்டுவடத்தை வைத்துச் சொன்ன 'வாயிற்கதவு' கோட்பாடு இது. அவர்கள் வரைந்த நரம்புச் சுற்றின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது.

கையை எடுத்தால் கதவு மெல்லத் திறந்துகொள்ளும். அதனால் தாடையைத் தளர்த்துவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. பற்கள் தொடாதபடி வாயை லேசாகத் திறந்து, பொட்டிலும் கன்னத்திலும் மெதுவாக வட்டமிட்டுத் தேயுங்கள். பிடரியையும் விடாதீர்கள். கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டில் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. பிடரியின் இறுக்கம் நெற்றியில் வலியாகத் தெரிவது அதனால்தான்.

விரல்களுக்குக் காப்புரிமை கிடையாது. மருந்து நிறுவனங்கள் இதை ஆராய்ந்து என்ன லாபம் காணும்? பொதுப்பணம் வர வேண்டியது இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு எச்சரிக்கை. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி வந்து, தொட்டாலே நோகிறது, மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையையே பறித்துவிடும். அப்போது தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீரென இடிபோல் வரும் கடுமையான தலைவலிக்கு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.