கைரோபிராக்டிக்: கைவைத்தியமும் அல்ல, முறிவு வைத்தியமும் அல்ல

கழுத்தைப் பிடித்து ஒரு திருகு. ‘படக்’கென்று ஒரு சத்தம். படுத்திருப்பவர் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு சிரிப்பு. முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் அசைக்கும் கைரோபிராக்டிக் என்ற சிகிச்சையின் இப்படிப்பட்ட காணொளிகள் மலையகத்து அட்டன் பஸ் நிலையத்தில் நிற்பவர்களின் கைப்பேசிகளில் நாள் முழுக்க ஓடுகின்றன. அவற்றுக்குக் கீழே தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ‘கைவைத்தியர்’, இல்லையென்றால் ‘எலும்பு முறிவு வைத்தியர்’. இரண்டுமே பிழை. முதலாவது குழப்பத்தோடு போய்விடும். இரண்டாவது ஆளை முடமாக்கிவிடும்.

‘கைரோபிராக்டிக்’ என்ற சொல்லின் பிறப்பு சுருக்கமானது. கிரேக்கத்தில் ‘கெய்ர்’ என்றால் கை, ‘பிராக்டிகோஸ்’ என்றால் செயல் சார்ந்தது. ‘கையால் செய்யப்படுவது’ என்று பொருள் கொள்ளலாம். பண்டைக் கிரேக்கர் இந்தக் கூட்டுச்சொல்லை அறிந்ததில்லை. சொல் கோர்க்கப்பட்டது அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில். 1845இல் கனடாவில் பிறந்த டானியல் டேவிட் பாமர் அங்கே காந்த சிகிச்சை செய்து வந்தார். 1895இல் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் ஒரு முள்ளென்பை அழுத்தியதாகவும், அதனால் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் பாமர் அறிவித்தார். தம் முறைக்கு ஒரு பெயர் வேண்டுமென்று அவர் கேட்க, 1896இல் சாமுவேல் வீட் என்ற பாதிரியார் இந்தக் கிரேக்கக் கூட்டுச்சொல்லைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே பாமரின் பள்ளி தொடங்கியது. கேள்வி நரம்பு காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளாகவே மூளைக்குப் போகிறது, முதுகுப் பக்கம் அது வருவதே இல்லை. ஆகவே அந்த முதற்கதையை இந்தத் தொழிலுக்குச் சான்றாகக் காட்டுவதை விட்டுவிடுவது நல்லது.

‘கைரோ’ என்பதில் ‘கை’ இருப்பதைக் கண்டு, கிரேக்கர் தமிழிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்று பகிர்கிறவர்களும் உண்டு. கிரேக்கச் சொல்லுக்குப் பழைய ஹிட்டைட் மொழியின் ‘கெஸ்ஸர்’ இனம். நம் ‘கை’க்குக் கன்னடக் ‘கை’யும் தெலுங்குச் ‘செய்யி’யும் இனம். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள், ஓசை ஒத்துப்போனது தற்செயல். தமிழின் பெருமைக்கு இந்தப் பொய்க்கால் தேவையில்லை.

இனி ‘கைவைத்தியம்’. பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால் பொருந்துவதுபோலத்தான் தெரியும்: கை உண்டு, வைத்தியம் உண்டு. ஆனால் இந்தச் சொல் ஆளில்லாமல் கிடக்கும் சொல் அல்ல. தடிமனுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பதும், வயிற்றுப் பொருமலுக்கு ஓமம் கொடுப்பதும், நெற்றியில் சித்தாலேப தடவுவதும்தான் நமக்குக் கைவைத்தியம். அங்கே ‘கை’ என்பது கைப்பாடு, கைக்கெட்டிய பொருள். கையால் அழுத்துவது என்ற பொருள் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. அதற்குள் கைரோபிராக்டிக்கை நுழைப்பது, குடும்பம் இருக்கிற லயத்துக் காம்பராவில் கேட்காமல் இன்னொரு குடும்பத்தைக் குடியேற்றுவதைப் போன்றது. பாதிப்பும் உண்டு. கைவைத்தியம் என்றால் செய்து பார்க்கலாம், பலிக்காவிட்டால் கெடுதல் இல்லை என்பது நம் மனப்பதிவு. கழுத்தைத் திருகுவதற்கு அந்த அடக்கமான பெயரைச் சூட்டினால், அண்ணன் தம்பிக்கும் தம்பி நண்பனுக்கும் வீட்டிலேயே செய்து பார்க்கத் துணிவு வந்துவிடும்.

வேர்ச்சொல்லை அப்படியே தமிழாக்கினால்தான் நேர்மை என்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கான ஆங்கிலச் சொல்லும் இதே ‘கெய்ர்’ என்பதிலிருந்து வந்ததுதான். ‘கெய்ரூர்கியா’, அதாவது கைவேலை என்ற கிரேக்கச் சொல் உருமாறி உருமாறி அப்படி ஆயிற்று. வேரை மட்டும் பார்த்தால் கண்டி ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் ‘கைவேலைக்கூடம்’ என்றுதான் பலகை போட வேண்டும். வேர் ஒரு சொல்லின் ஊரைச் சொல்லும். அது இன்று செய்கிற தொழிலைச் சொல்லாது.

‘எலும்பு முறிவு வைத்தியர்’ என்பதோ இதைவிடப் பொல்லாதது. மலையகத்தில் இந்தப் பெயருக்கு ஏற்கெனவே உயிருள்ள ஒரு பொருள் உண்டு. சிங்கள ஊர்களில் ‘கெடும் பிந்தும்’, அதாவது முறிவு வைத்தியம் பார்க்கிற வெதமாத்தயாவை (நாட்டு வைத்தியரை)த் தோட்டத்து ஆட்களும் தேடிப் போவார்கள். அவருடைய வேலை, முறிந்ததைப் பொருத்தி எண்ணெயும் இலைப்பற்றும் போட்டுப் பட்டையோ சிம்போ வைத்துக் கட்டி அசையாமல் வைப்பது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவதன் நோக்கமும் அந்த அசையாமைதான். கைரோபிராக்டர் செய்வது நேர் எதிரானது: அசைவு குறைந்த மூட்டை அசைப்பது. முறிவு இருக்கிறது, அல்லது இருக்கலாம் என்று பட்டாலே அவர் அந்த இடத்தில் கைவைக்கக் கூடாது. அது அவருடைய பாடத்திலேயே உள்ள தடை. மழைக்காலத்தில் மலைப்படியில் வழுக்கி இடுப்பு அடிபட விழுந்த அறுபது வயது அம்மா ஒருவரை, ‘எலும்பு முறிவு வைத்தியர்’ என்ற பெயரை நம்பி இத்தகைய இடத்துக்கு அழைத்துப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்ற பின் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும், முள்ளென்பு சப்பளிந்திருக்கலாம். அதன்மேல் ஒரு தள்ளு விழுந்தால் என்ன ஆகும்? சேர வேண்டிய வாசலுக்கு நேர் எதிர் வாசலைக் காட்டுகிற சொல்லை மொழிபெயர்ப்பு என்று எப்படி ஏற்பது?

தொழிலை அருகில் நின்று பார்த்தால் பெயர் வைப்பது எளிதாகும். அசையக்கூடிய முள்ளென்புகள் 24: கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. இடுப்புக்குச் செய்யும்போது ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். கீழ்க்கால் நீட்டியிருக்கும், மேற்கால் முழங்காலில் மடிந்திருக்கும். செய்பவரின் ஒரு கை தோளில், மற்றக் கையோ முன்னங்கையோ இடுப்பெலும்பை ஒட்டி இருக்கும். முதலில் மெல்லத் திருப்பி, மூட்டு இதற்குமேல் வராது என்கிற எல்லைக்குக் கொண்டுபோவார். கயிற்றின் தொய்வை இழுத்து எடுப்பதுபோல. அங்கே ஒரு கணம் நிறுத்தி, மிகச் சிறிய தூரத்துக்கு மிக விரைவாக ஒரு தள்ளு: 0.1 முதல் 0.2 வினாடி. தொய்வை எடுக்காமல் தள்ளினால் விசை மூட்டில் சேராமல் தசையில் சிதறும், ஆளும் விறைத்துக்கொள்வார். வீச்சைக் கூட்டினால் இணையத்துக்குக் கேடு. இணையம் என்பது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார். சத்தம் எலும்பு ‘பொருந்திய’ சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறைய, கரைந்திருந்த வாயு குமிழாகிறபோது எழுவது. விரலில் நெட்டி எடுத்தால் கேட்பதும் அதுவே. எடுத்த விரலிலேயே உடனே மறுபடி எடுத்தால் வராது, ஏறத்தாழ 20 நிமிடம் போக வேண்டும். ‘நெட்டி’ என்ற நம் சொல் எவ்வளவு துல்லியமாக அந்தச் சத்தத்தை மட்டும் குறிக்கிறது பாருங்கள். அதை விட்டுவிட்டு ‘எலும்பு உடையும் ஓசை’ என்று எழுதுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் உள்ள மனக்குறை இத்தோடு தீர்வதில்லை. இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய ‘உடலியக்கச் சிகிச்சை’ இப்போது பரவி வருகிறது. உடலின் இயக்கம் எதைத்தான் தொடவில்லை? நடைப்பயிற்சி முதல் பக்கவாதத்துக்கான இயன்மருத்துவம் (பிசியோதெரபி) வரை அதற்குள் அடங்கும். தமிழ்நாட்டில் உடலியங்கியல் என்பது நாம் உடற்றொழிலியல் என்று படித்த பாடத்தின் பெயர், ஆகவே குழப்பம் இரட்டிப்பு. மூட்டை அசைக்கும் செயலை ‘முள்ளந்தண்டைக் கையாளுதல்’ என்கிறார்கள். பணத்தைக் கையாள்வதும் பகையைக் கையாள்வதும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்னொருவர் எழுதிய ‘கையசைப்பு’ ரயிலில் போகிறவருக்கு விடைகொடுப்பது. கைரோபிராக்டர்கள் அந்தத் தள்ளலுக்கு வைத்திருக்கும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற பெயரைச் ‘சரிசெய்தல்’ என்று எழுதும்போதோ ஒரு வாதத்தையே தெரியாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். சரிசெய்தல் என்றால் முன்பு ஏதோ பிசகியிருந்தது என்றாகிறது. கைரோபிராக்டிக்காரர் ‘சப்லக்ஸேஷன்’ என்று சொல்வதும், சத்திரசிகிச்சை நிபுணர் அதே சொல்லால் சொல்வதும் வேறு வேறு. நிபுணருக்கு அது மூட்டு பாதி விலகிய நிலை, எக்ஸ்ரேயில் தெரிவது. பாமரின் வழிவந்தவர்களுக்கு அது முள்ளென்பின் இருப்பிலோ அசைவிலோ உள்ள குறை; நரம்பைத் தடுத்து நோயை உண்டாக்குவதாகப் பாமர் சொன்னது. அது அந்தத் தொழிலுக்குள்ளேயே தீராத வழக்கு. இரண்டுக்கும் ‘எலும்பு விலகல்’ என்று ஒரே முத்திரை குத்தினால் வாசிப்பவர் தம் எலும்பு இடம் மாறிக் கிடப்பதாகவே பயந்துபோவார். ‘டிஸ்க் விலகிட்டு’ என்று நாம் பேசுவதிலும் இதே வழு உண்டு. தட்டம் முழுசாக விலகுவதில்லை, நடுவில் உள்ள கூழ் ஓர நாரைத் தள்ளிப் பிதுங்குகிறது. ‘தட்டம் பிதுங்கல்’ என்றால் நடந்தது புரியும்.

இங்கே இந்தச் சொற்கள் அகராதிக்காரருக்கு மட்டும் உரியவை அல்ல. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டப்படுகிறது. பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ என்ற கணக்கு இருக்க, நிறுவைக்கு நிறுவை சேரும் கொழுந்தின் பாரம் கழுத்து முள்ளென்புகள் வழியாகத்தான் இறங்குகிறது. ஈரக் கொழுந்தென்றால் இன்னும் கூடும். தேயிலைச் செடியைக் குனிந்தே வெட்டும் கவ்வாத்தும், சரிவில் உர மூடை தூக்குவதும் இடுப்பைப் பிடிக்கின்றன. அந்த இடுப்புப் பிடிப்புக்கு இந்தக் கைமுறை ஓரளவு உதவக்கூடும். கால் மரத்து வலுவிழந்தாலோ, மலசல வாசலைச் சுற்றி உணர்வு போனாலோ, சிறுநீர் அடங்காமலோ போகாமலோ இருந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ யாரிடமும் தள்ளக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. மூளைக்குப் போகும் இரண்டு நாடிகள் கழுத்து முள்ளென்புகளின் துளைகளுக்குள்ளாகவே ஏறுகின்றன. கழுத்துத் தள்ளலுக்குப் பின் அவற்றின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் அரிதாயினும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. என்றுமில்லாத கழுத்துவலி, தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, நாக்குழறல் இருப்பவரின் கழுத்தைத் தொடவே கூடாது.

ஆளுக்கு என்ன பெயர்? நம் நாட்டில் ‘வைத்தியர்’ என்றால் ஆஸ்பத்திரி டாக்டரும் ஆயுர்வேதக்காரரும் அதில் அடக்கம். கைரோபிராக்டரின் படிப்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, முழுப் பயிற்சிக்கு நான்காண்டில் 4200 மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பும், அதற்குள் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் 1000 மணி நேரமும் கேட்கிறது. அதற்குள் உடலமைப்பு, எக்ஸ்ரே வாசிப்பு, யாரைத் தொடக் கூடாது என்பதெல்லாம் வரும். சுளுக்கு வழிப்பவரையும், கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்ற நம்பிக்கையையும், வார இறுதி வகுப்பில் கற்றுக்கொண்டு கழுத்தைத் திருகுபவரையும் இந்தப் பெயரில் அழைக்காதிருக்கவாவது பெயர் தனியாக நிற்க வேண்டும்.

ஆகவே தொழிலின் பெயர் கைரோபிராக்டிக், ஆள் கைரோபிராக்டர். ஹோமியோபதியை நாம் மொழிபெயர்க்காமலே புரிந்துகொள்கிறோம் அல்லவா? ‘சிரோபிராக்டிக்’ என்பது ஆங்கில எழுத்தைத் தவறாகப் படித்தது. சிரசுக்கான சிகிச்சை என்ற மயக்கத்தையும் கூட்டுகிறது. முதல் தடவை எழுதும்போது விளக்கமாக ‘முள்ளந்தண்டுக் கைச்சிகிச்சை’ என்று சேர்க்கலாம். இடத்தையும் கருவியையும் அது சொல்கிறது, பலனைப் பற்றி வாக்குறுதி எதுவும் தரவில்லை. இயன்மருத்துவரும் ஒஸ்டியோபதிக்காரரும் இதையே செய்கிறார்களே என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் அதைத் தொழிலின் பெயராக அல்லாமல் விளக்கமாக மட்டும் வைக்கச் சொல்கிறேன். ‘பண்டுவம்’ என்ற சொல்லை விரும்புவோர் சிகிச்சையின் இடத்தில் அதைப் போடட்டும். ஆனால் துண்டுப்பிரசுரத்தை வாசிக்கப்போகும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிகிச்சை என்பதே பழகிய சொல். செயலுக்கு ‘விரைவுத் தள்ளல்’, சத்தத்துக்கு ‘நெட்டி’. இவ்வளவும் கைவசம் இருந்தால் ஒரு துண்டுப்பிரசுரத்தை இப்படி எழுதலாம்: “கைரோபிராக்டர் கையால் முள்ளந்தண்டு மூட்டுகளில் விரைவுத் தள்ளல் செய்வார். நெட்டி கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். விழுந்து அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாருங்கள்.”