19 மாதத்தில் முதுமையடைந்த 24 வயது இதயம்

1968 ஜனவரி 2. கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட், பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவருக்கு 24 வயது இளைஞர் ஒருவரின் இதயத்தைப் பொருத்தினார். ஒரு மாதத்துக்கு முன் மாற்று இதயம் பெற்ற முதல் நோயாளி 18 நாளில் இறந்திருந்தார். பிளைபெர்க் வீடு திரும்பி, 19 மாதங்கள் வாழ்ந்தார். இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால், அந்த இளம் இதயத்தின் ரத்தக் குழாய்கள் முதியவருக்கு இருப்பதுபோல் மோசமாகச் சுருங்கியிருந்தன.

மாற்று இதயத்தை உடல் மெதுவாக நிராகரிப்பதுதான் இது. இதயத் தமனியின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுக்கு ஒரு படலம் உண்டு. நம் ரத்தம் தானம் வந்த இதயத்தை முதலில் தொடுவதே அங்கேதான். அந்தச் செல்கள் அந்நியமானவை என்று நோயெதிர்ப்பு செல்கள் கண்டுகொள்கின்றன. எதிர்ப்புரதங்களும் (ஆன்டிபாடி) வந்து ஒட்டுகின்றன. மருந்து இதை அடக்கிவைக்கிறது, முழுதாக நிறுத்துவதில்லை. படலம் புண்பட்டு ஆறி, மறுபடி புண்படுகிறது. அப்போது சுவரின் நடு அடுக்கில் இருக்கும் தசைச் செல்கள் உள்ளே நகர்ந்து வந்து பெருகி, நார்ப்பொருளையும் சுரக்கின்றன. குழாயில் உப்பு படிவதுபோல என்று சொன்னால் சரியாக இருக்காது. பெரும்பாலும் சுவரேதான் உள்நோக்கித் தடிக்கிறது. அதுவும் சுற்றிலும், நீளம் முழுக்க, நுண்ணிய கிளைகள் வரைக்கும். வழக்கமான மாரடைப்பு நோயில் அடைப்பு ஓரிரு இடத்தில் இருக்கும், ஸ்டென்ட் வைக்கலாம். இங்கே எந்த இடத்தில் வைப்பது?

ரத்தம் போதாத இடங்களில் இதயத்தின் தசைச் செல்கள் சாகின்றன. அவை மறுபடி முளைப்பது மிக அரிது. அந்த இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலான தழும்பு நிரப்புகிறது. தழும்பு சுருங்காது, விரியவும் செய்யாது. இதயம் விறைத்துப்போய், ரத்தத்தை வாங்கிக்கொள்ளவே சிரமப்படுகிறது.

என்னை மிகவும் உறுத்துவது, இது வலிக்காது என்பதுதான். அறுவை சிகிச்சையில் நரம்புகள் வெட்டுப்படுவதால் பலருக்கு நெஞ்சுவலி வருவதே இல்லை. மூச்சிரைப்பும் சோர்வும்தான் வரும், சிலருக்குத் திடீர் மரணம். அதனால்தான் பல மையங்களில் ஆண்டுதோறும் ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள். அதில் தெரிவது ரத்தம் ஓடும் வழி மட்டுமே. சுவரின் தடிமனைப் பார்க்கத் தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் குழலை விட வேண்டும். முதலாண்டில் உள்ளடுக்கு 0.5 மில்லிமீட்டர் தடித்தாலே மருத்துவர்கள் கவலைப்படுவார்கள்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், தமனிச் சுவரின் தசைச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற மருந்துகளும் வேகத்தைக் குறைக்கின்றன. விழுந்த தழும்பு அப்படியேதான் இருக்கும். நோய் முற்றிவிட்டால், சிலருக்கு இன்னொரு இதயம் பொருத்துகிறார்கள்.