நார்மர் பலகையைப் படிப்பது எப்படி?

நார்மர் பண்டைய எகிப்தின் தொடக்கக்கால அரசன். கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ள நார்மர் பலகை ஏறக்குறைய 63 செ.மீ. உயரமுள்ள ஒரே கல். இருபுறமும் புடைப்புச் சிற்பம். வயது சுமார் 5,000 ஆண்டு. தென் எகிப்தின் ஹீராகோன்போலிஸ் கோயில் வளாகத்தில் 1890களின் கடைசியில் தோண்டி எடுத்தார்கள். கண்மை அரைக்கும் கல்தட்டின் வழிவந்தது இது. ஒரு பக்கத்தில் மை குழைக்கும் வட்டக்குழி அப்படியே இருக்கிறது; இரண்டு விலங்குகளின் நீண்ட கழுத்துகள் பின்னி அந்தக் குழிக்கு விளிம்பாகியிருக்கின்றன.

முதலில் உச்சியைப் பாருங்கள். பசுக்காதும் கொம்பும் உள்ள இரு முகங்களுக்கு நடுவே அரண்மனை முகப்பு போல ஒரு கட்டம். அதற்கு செரெக் என்று பெயர். அதற்குள் ஒரு கெளுத்தி மீன், ஓர் உளி. மீனுக்கு ‘நர்’, உளிக்கு ‘மெர்’: சேர்த்துச் சொன்னால் அரசன் பெயர். படம் இங்கே ஒலியாகிவிட்டது.

அடுத்து, உருவ அளவு. குழி இல்லாத பக்கத்தில், அரசனுக்குப் பின்னால் செருப்பையும் குடுவையையும் ஏந்தி நிற்பவரைச் சிறுவன் என்று நினைத்துவிடக் கூடாது. பதவி சிறியது, அதனால்தான் உருவமும் சிறியது. அரசனோ வெறுங்காலோடு நிற்கிறான். ஒரு கை எதிரியின் முடியைப் பிடித்திருக்க, மறு கையில் கதாயுதம் ஓங்கியிருக்கிறது. இந்த நிலை நார்மர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய ஹீராகோன்போலிஸ் கல்லறைச் சுவரோவியத்திலேயே உண்டு. எட்ஃபு கோயில் முகப்பில், கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட 12ஆம் தாலமியும் இதே நிலையில்தான் நிற்கிறான். 3,000 ஆண்டுக்கு மேல் மாறாத ஒரே அசைவு!

எதிரிக்கு மேலே ஒரு பருந்து. பாப்பிரஸ் என்ற நாணல் செடியின் தண்டுகள் முளைத்த நிலத்துக்கு மனிதத் தலை வைத்து, அதன் மூக்கில் கயிறு கட்டி இழுக்கிறது. பாப்பிரஸ் என்றால் வடக்கின் சதுப்பு நிலம், பருந்து என்றால் ஹோரஸ், அரசனின் வடிவாகக் கருதப்பட்ட கடவுள். இதைவிடச் சுருக்கமாக ஒரு வெற்றியைச் சொல்ல முடியாது.

பலரும் தவறுவது மகுடத்தில்தான். இந்தப் பக்கம் வெள்ளை மகுடம், மறுபக்கம் சிவப்பு மகுடம். வெள்ளை தெற்கின் சின்னம், சிவப்பு வடக்கின் சின்னம் என்பது வழக்கமான விளக்கம். தெற்கும் வடக்கும் இணைந்ததற்கு இதுவே சான்று என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் சிவப்பு மகுடத்தின் மிகப் பழைய உருவம் தெற்கில், நகாடாவில் கிடைத்த பானையோட்டில் இருக்கிறது. வடக்கு, தெற்கு என்ற கணக்கு பிற்காலத்தில்தான் கெட்டிப்பட்டது. மகுடத்தை மட்டும் வைத்துப் போரையே எழுதிவிடக் கூடாது.

அரசனின் இடுப்பில் தொங்கும் காளை வாலையும் கவனியுங்கள். பலகையைத் திருப்பினால் அடியில் காளையே நிற்கிறது: கொம்பால் கோட்டைச் சுவரை இடித்து, விழுந்தவனின் கையை மிதித்தபடி. அதுவும் நார்மர்தான்.