வெயில் படாத பாதத்தில் மெலனோமா

மூடுபனி இறங்கிய நாளில் இலங்கையின் தேயிலை மலைநாட்டு ஊரான நுவரெலியாவில் வெயில் இருப்பதே தெரியாது. உடம்பு சுடாது, கண் கூசாது. ஆனால் அந்த ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் கழியூதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மெல்லிய முகில் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உடம்பைச் சுடுவது செங்கீழ்க் கதிர், டி.என்.ஏ.யைக் கெடுப்பது கழியூதாக் கதிர். முன்னதை முகில் மறைத்துவிட்டால் பின்னதும் இல்லையென்று நினைத்துவிடுகிறோம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் முகமும் புறங்கையும் பனிக்குள்ளும் அந்தக் கதிரை வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியிருந்தும், கறுத்த தோல்காரருக்கு மெலனோமா என்ற, தோலின் நிறக் கலங்களில் தொடங்கும் புற்றுநோய் அபூர்வமாக வரும்போது அது பெரும்பாலும் முகத்தில் வருவதில்லை. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. வெயிலே படாத இடத்தில் ஏன் வருகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி, கலம் தன் டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் முறையில் இருக்கிறது.

முதலில் வெயில் செய்யும் சேதம். டி.என்.ஏ. இழை ஒன்றில் தைமின், சைற்றோசின் என்ற எழுத்துகளில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கழியூதாக் கதிர் பட்டதும் அவை ஒன்றோடொன்று பிணைந்துவிடும். இதை இருமம் என்பார்கள். இருமங்களில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று இழையை நன்றாக வளைத்துவிடும். கலம் அதைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிடும். மற்றது இழையை அவ்வளவு வளைப்பதில்லை. 24 மணி நேரம் கழித்தும் அதில் கணிசமான பங்கு எஞ்சியிருக்கும். தோல் புற்றுநோய்க்கு வழிவிடும் விகாரங்களில், அதாவது டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களில், பெரும்பங்கு இந்தப் பதுங்கும் வகையிலிருந்தே வருகிறது.

பழுதுபார்ப்பு பழைய சாக்குக்கு ஒட்டுப்போடுவது போன்றது. வளைவை முதலில் உணர்வது எக்ஸ்.பி.சி. என்ற புரதம். பதுங்கும் இருமத்தை அதனால் தனியே பிடிக்க முடியாது, டி.டி.பி.2 என்ற இன்னொரு புரதம் முன்னே போய்ப் பிடித்துக் கொடுக்கவேண்டும். அடுத்து டி.எஃப்.ஐ.ஐ.எச். என்ற புரதக் கூட்டம் இரண்டு இழைகளையும் பிரிக்கிறது. அதிலுள்ள எக்ஸ்.பி.டி. இழைவழியே நகர்ந்து, சேதம் தட்டுப்படும் இடத்தில் நின்றுவிடும். சேதம் உண்மையானது என்பதற்கு அதுவே உறுதி. பிறகு எக்ஸ்.பி.எஃப். ஒரு பக்கத்திலும் எக்ஸ்.பி.ஜி. மறுபக்கத்திலும் வெட்ட, 30 எழுத்து அளவுள்ள துண்டு கழன்று விழும். எதிர் இழையைப் பார்த்து ஒரு நொதியம் வெற்றிடத்தை நிரப்ப, இன்னொன்று முனையை ஒட்டும். இந்தப் படிகளை வரைந்து காட்டியதற்காகத்தான் அசிஸ் சன்ஜாருக்கு 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே குறைந்தால் வரும் நோய் சீரோடெர்மா பிக்மென்டோசம். அந்த நோயாளிகளுக்கு 20 வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு. பழுதுபார்ப்பின் பெறுமதிக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தோலின் நிறப்பொருளான மெலனினை உண்டாக்கும் கலங்களில் பழுதுபார்ப்பின் வேகத்தை அளப்பது பார்ப்பதற்கு எளிது. கலங்களை வளர்த்துக் கதிர் கொடுத்து, 0, 6, 24, 48 மணிகளில் இருமத்தோடு மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியைக் கொண்டு எண்ணவேண்டும். தவறுகள் சின்ன விடயங்களில்தான் வரும். கலங்கள் வளரும் ஊடகத் திரவத்தை அகற்றாவிட்டால் கதிரின் ஒரு பங்கை அது குடித்துவிடும். தட்டின் பிளாஸ்ரிக் மூடியும் அப்படியே. விளக்கு பழசாகும்போது வெளிச்சம் குறையும், அதனால் ஒவ்வொரு முறையும் கதிரளக்கும் மானியால் அளக்கவேண்டும். இதைவிட மோசமான பொறி கலம் இரண்டாகப் பிரிவது. ஒருமுறை பிரிந்தாலே இருமங்கள் இரு மகட்கலங்களுக்கும் பங்கிடப்பட்டு, ஒரு கலத்துக்கு உரிய எண்ணிக்கை பாதியாகிவிடும். ஒன்றுமே திருத்தப்படாமல் பாதி திருத்தப்பட்டதாகக் கணக்கு வரும்.

மெலனின் கலத்தில் ‘0 மணி’ என்ற தொடக்கமே நம்பத்தகாதது. கதிரை நிறுத்திய பின்னும் மூன்று மணி நேரத்துக்கு மேலாக இருமங்கள் உண்டாகிக்கொண்டிருப்பதை 2015இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கதிர் பட்டதும் கலத்தில் உருவாகும் பெரொக்சிநைத்திரைற்று என்ற இரசாயனம் மெலனினின் சிதறல்களைச் சக்தியேற்றும். அந்தச் சக்தி இருட்டிலும் டி.என்.ஏ.க்குக் கைமாறும். வெயிலை மறைக்கும் நிறமே பிறகு கொஞ்சம் சேதத்தையும் செய்கிறது. எனவே ஒரேயொரு நேரப் புள்ளியை வைத்துப் பழுதுபார்ப்பின் வேகத்தைச் சொல்லும் முடிவைச் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும்.

இனி உள்ளங்கால். அங்கே கொம்பு போன்ற தடித்த மேற்படையைத் தாண்டிக் கழியூதாக் கதிர் போவது மிகக் குறைவு. அங்கு வரும் மெலனோமாவின் மரபணுக்களை வாசித்தால், வெயிலின் கையொப்பமான, சைற்றோசின் தைமினாகும் மாற்றங்கள் குறைவாகவே இருக்கும். அதற்குப் பதிலாக நிறமூர்த்தங்கள் உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கும். சில துண்டுகள் பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். இது இரண்டு இழையும் ஒருசேர அறும் சேதம். அறுந்த முனைகளைக் கு என்ற வளையப் புரதம் பிடிக்க, லைகேஸ் 4 ஒட்டுகிறது. பார்த்து எழுத எதிர் இழை அங்கே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடங்கள் அறுந்தால் தவறான முனைகளும் சேர்ந்துவிடும். குதிகால் போன்ற பாரம் தாங்கும் இடங்களில் இந்த மெலனோமா கூடுதலாக இருப்பதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அழுத்தம்தான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

விகாரம் குறைவு என்றால் நல்லதுதானே என்று தோன்றலாம். உடம்பின் நோய் எதிர்ப்புக் கலங்களைப் புற்றின்மேல் ஏவும் மருந்துகளைப் பொறுத்தவரை அது பாதகம். எதிர்ப்புக் கலங்கள் புற்றை அடையாளம் காண்பது அதன் மாறிய புரதங்களை வைத்துத்தான். அவை குறைந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துக்குப் பதிலும் குறைகிறது. பழைய மருந்தான டகார்பசின், குவானின் என்ற டி.என்.ஏ. எழுத்தில் மீதைல் கூட்டத்தை ஒட்டிக் கலத்தைக் கொல்லும். எம்.ஜி.எம்.ரி. என்ற பழுதுபார்க்கும் புரதம் புற்றுக்கலத்தில் நிறைய இருந்தால் அந்தக் கூட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிடும், மருந்து பலிக்காது.

தேயிலைத் தோட்டத்தில் காலில் கறுப்பு தெரிந்தால் ஆணி, முள்ளு, அடிபட்ட இரத்தக்கட்டு என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே பிரித்தறியத் தெரிந்திருக்கவேண்டும். கால் விரல் நகம் மாதம் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கே வளரும். இரத்தக்கட்டு நகத்தோடு முன்னே நகர, அதற்குப் பின்னால் தெளிந்த நகம் தெரியும். மெலனோமாவின் கோடு நகத்தின் அடியிலேயே நின்று அகலமாகும். சிலவேளை பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவும். உள்ளங்காலில் ரேகை வரம்புகளும் பள்ளங்களுமாக இருக்கும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மொஸ்கோப்பால் பார்த்தால், சாதாரண மச்சத்தின் கறுப்பு பொதுவாகப் பள்ளத்தில் ஓடும்; மெலனோமாவின் கறுப்பு வரம்பின்மேல் ஓடும்.

வளரும், நிறம் கலந்த, இரத்தம் கசியும் புள்ளியை வீட்டில் பிளேட்டால் சீவவோ ஆணி பிளாஸ்ரர் ஒட்டிக் கரைக்கவோ கூடாது. அறுவைக்கு முன் வைத்தியருக்குத் தேவையான முதல் எண், தோலின் மேற்படையிலிருந்து கீழே எத்தனை மில்லிமீற்றர் புற்று இறங்கியிருக்கிறது என்பது. எவ்வளவு தோலைச் சுற்றி வெட்டுவது, கவட்டு நிணநீர்க்கணுவைப் பரிசோதிப்பதா என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகும். மேலே சீவிவிட்டால் அந்த ஆழத்தை யாராலும் அளக்க முடியாது.