ஐந்துக்குப் பின்னால் ஆறாவது பல்

"விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர், பிடுங்கிப் போட்டுடுங்க." மும்பையில் தாராவி, சயான் பக்கமிருந்து குழந்தைகளைக் கூட்டிவரும் நம் ஆட்கள் பலர் என்னிடம் சொல்வது இது. பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். காட்டுவது கீழ்க் கடைவாய்ப் பல், நடுவில் கறுப்பாகக் குழி. பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. அது ஆறு வயதுவாக்கில் வந்து ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல்.

பெற்றோர் குழம்புவதில் தப்பில்லை. முன்பல் ஆடி விழுந்தால் வீடே பார்க்கிறது. இந்தப் பல்லோ எந்தப் பால் பல்லையும் தள்ளாமல், வரிசைக்குப் பின்னால் காலியாக இருக்கும் ஈறில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. முழுதாக வெளியே வரப் பல மாதம் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக, பாதி ஈறு மூடிய நிலையில் இருப்பதால் பிரஷ் சரியாகப் படாது. சொத்தை பிடிக்க அந்த இடைவெளியே போதும்.

இன்னொரு காரணம் பல்லின் மேற்பரப்பு. புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி பள்ளமும் கோடுமாக இருக்கும். சில கோடுகளுக்குள் பிரஷ்ஷின் ஒரு முடிகூட நுழையாது. காலையில் டீயில் நனைத்த காரி பிஸ்கட், பள்ளிக்கூட டப்பாவில் பிஸ்கட், சாயங்காலம் வேஃபர் (உருளைக்கிழங்கு சிப்ஸ்) என்று நாள் முழுக்க மாவும் சர்க்கரையும் அங்கேயே அப்பிக்கொள்கிறது. கிருமிகள் அதைத் தின்று அமிலம் விடுகின்றன. ஒழுங்காகப் பல் துலக்கும் பிள்ளைக்கும் சொத்தை வருவது இதனால்தான். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

அந்தப் பள்ளங்களை முன்கூட்டியே மூடிவிடுவதுதான் சீலண்ட். ஊசி இல்லை, மெஷின் வைத்துக் குடைவதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, எச்சில் படாமல் பஞ்சு வைத்து, ஒரு அமில ஜெல்லை அரை நிமிடத்துக்குள் தடவிக் கழுவிவிடுவோம். அதில் பல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாகும். மூடப்போகும் பிசின், அதாவது ரெசின், பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு வேண்டும். இந்த முறைக்கு அடிப்படை போட்டது 1955-இல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். பல் காய்ந்ததும் திரவ ரெசினை ஊற்றி நீல விளக்கைக் காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். ஒரு பல்லுக்குச் சில நிமிட வேலை. உண்மையில் சிரமம் எச்சிலோடுதான்: துளி பட்டாலும் ரெசின் பிடிக்காது. பல் பாதிதான் வந்திருக்கிறது, பிள்ளையும் நெளிகிறது என்றால் தற்காலிகமாக கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட்டை வைத்துவிட்டு, பிறகு ரெசினுக்கு மாறுவேன்.

"உள்ளே கிருமியை வச்சு மூடிட்டா?" என்று ஒரு பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. குழி விழாத ஆரம்பக் கறையாக இருந்தால், மூடிய பிறகு கிருமிக்குத் தீனி கிடைக்காது, சொத்தை அங்கேயே நின்றுவிடும். குழி விழுந்துவிட்டால் சீலண்ட் உதவாது. ஃபில்லிங்தான், தாமதித்தால் ரூட் கெனால் என்ற வேர் சிகிச்சை.

பின்பற்களில் வரும் சொத்தையில் சுமார் 80 சதவீதத்தைச் சீலண்ட் இரண்டு ஆண்டுகளுக்குத் தடுக்கிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. அப்புறம் பலன் மெல்லக் குறையும், ஓரம் பெயரவும் செய்யும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பெயர்ந்த இடத்தில் மறுபடி வைத்துக்கொள்ளலாம். பல் இடுக்கில் வரும் சொத்தையை இது தடுக்காது. ஃப்ளோரைடு பேஸ்ட்டும் ராத்திரி பிரஷ்ஷும் வேண்டியதுதான்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்கோ, சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம் செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். குழந்தைப் பல் பிரிவு எது என்று கேளுங்கள். வரிசை இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

பிள்ளைக்கு ஐந்தரை வயது ஆனதிலிருந்து மாதம் ஒருமுறை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஐந்துவரை பால் பல். ஆறாவது தலைகாட்டினால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏழாவது பன்னிரண்டு வயதுவாக்கில் வரும். அதற்கும் இதே வேலைதான்.