கேர்ட்டன் வோல் – திரைச்சுவர்

கொழும்பு கோட்டையிலும் காலிமுகத்திடலைச் சுற்றியும் நிற்கும் பெரிய தலைமையகக் கட்டடங்களின் வெளிப்புறத்தை நாம் ‘கண்ணாடிச் சுவர்’ என்போம். கட்டடத் துறையில் அதன் பெயர் கேர்ட்டன் வோல்; தமிழில் திரைச்சுவர். கண்ணாடி இருந்தே தீரவேண்டும் என்றில்லை. அலுமினியத் தகடும் மெல்லிய கருங்கல் பலகையும் கூட அதில் வரும்.

மாடித் தளங்களின் விளிம்புக்கு வெளியே, பிராக்கெட்டுகளில் தொங்கி, பல மாடிகளைக் கடந்து ஓடுவதே திரைச்சுவர். தன் எடையையும் தன்மேல் மோதும் காற்றின் விசையையும் தளத்துக்குக் கடத்தும். மேல்மாடியின் பாரம் அதில் இறங்காது. முழுவதையும் கழற்றினாலும் கட்டடம் நிற்கும். இரு தளங்களுக்கு இடையில் பொருத்திய கண்ணாடி எவ்வளவு அகலமானாலும் இதில் சேராது. அது சாளரச்சுவர்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் ‘கோர்ட்டினா’. பிரெஞ்சு வழியாக வந்து, கோட்டைகளில் இரு கொத்தளங்களுக்கு இடைப்பட்ட மதிலைக் குறித்தது. யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களை இணைக்கும் நேர்மதில்கள் இந்தப் பழைய பொருளில் கேர்ட்டன் வோல்தான். பீரங்கிக்கு நெஞ்சு கொடுத்த மதிலின் பெயர், ஒன்றையும் சுமக்காத கண்ணாடிக்குப் போனது விசித்திரம்தான். சான் பிரான்சிஸ்கோவின் ஹலிடி கட்டடம் (1918) இப்புதிய வகைக்கு முன்னோடி; நியூயோர்க்கின் லீவர் ஹவுஸ் (1952) அதை நிறுவனத் தலைமையகங்களின் அடையாளமாக்கியது.

தமிழில் ‘எழினிச்சுவர்’ என்றும் சொல்லலாம். எழினி என்றால் மேடைத்திரை. சிலப்பதிகாரம் கூறும் மூவகை எழினிகளில் கரந்துவரல் எழினி மேலிருந்து இறங்குவது. பொருத்தம் அழகாகவே இருக்கிறது. ஆனால் சைட்டில் நிற்பவருக்கு விளங்க வேண்டுமே. திரைச்சுவரே போதும்.

உறுப்புகளில் செங்குத்தாக நிற்கும் முல்லியன் நெடுஞ்சட்டம். கிடையாகச் செல்லும் ட்ரான்சம் குறுக்குச்சட்டம். கொங்கிரீட் விளிம்பு 20 மி.மீ. வரை பிசகியிருப்பது சாதாரணம். அலுமினியச் சட்டமோ இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் பொறுக்காது. அதனால்தான் பிராக்கெட்டை மூன்று திசைகளிலும் நகர்த்திச் சரிசெய்ய இடம் விடுகிறார்கள். 3.5 மீற்றர் நெடுஞ்சட்டம் 40 பாகை செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் 3 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளும். ஒவ்வொரு மாடியிலும் இரு சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விட்டு, உள்ளே வழுக்கும் ஒரு துண்டைச் செருகுவது இதற்காகவே. அந்த இடைவெளியை இறுக்கி மூடினால் சட்டம் வளையும், இணைப்புகளை அடைக்கும் சிலிக்கன் பசை கிழியும்.

எடையும் கொஞ்சநஞ்சமல்ல. 6 மி.மீ. கண்ணாடி இரண்டும் நடுவில் காற்றிடைவெளியும் கொண்ட பலகை, சட்டம் நீங்கலாகவே சதுர மீற்றருக்கு 30 கிலோ.

ஒழுக்குத்தான் பெரிய தலைவலி. நல்ல திரைச்சுவர் மழைநீர் துளியும் நுழையாது என்று நம்பி வடிவமைக்கப்படுவதில்லை. நுழைந்த நீர் சட்டத்துக்குள்ளேயே வடிந்து, குறுக்குச்சட்டத்தின் சிறு துளைகளால் வெளியேறும். இத்துளைகளைக் குறையென்று நினைத்து சிலிக்கன் பூசி அடைப்பவர்கள் உண்டு. அடுத்த பெருமழையில் நீர் உட்பக்கமாக, சீலிங்கில் இறங்கும். லீவர் ஹவுஸில் உள்ளே கசிந்த நீர் சட்டத்துக்குள் இருந்த இரும்பைத் துருப்பிடிக்கச் செய்தது. துரு ஊதிக் கண்ணாடிகள் உடைந்தன. கடைசியில் சுவரையே மாற்ற வேண்டியதாயிற்று. கொழும்பில் கடற்காற்றின் உப்பும் சேர்கிறது: அலுமினியமும் இரும்பு ஆணியும் நேரே தொட்டால் அலுமினியம் அரிபடும், இடையில் நைலோன் வாஷர் வேண்டும்.

வெயில் இன்னொரு விலை. மேற்குமுகத்தின் மாலை வெயிலை நிறக் கண்ணாடி ஓரளவுதான் தடுக்கும், மீதியைக் குளிரூட்டி சுமக்கும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக வடிவமைத்த மாடிக் கட்டடம் இந்தப் பாதையில் போகவில்லை. காற்று தானாக ஊடுருவும்படி அதைத் திட்டமிட்டார். நம் ஊர்த் தலைமையகங்கள் அதைப் பின்பற்றாதது இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

தளத்தின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு எப்போதும் இருக்கும். தீப்பிடிக்காத பாறைக் கம்பளியை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) அழுத்தி நிரப்பி, மேலே புகைத்தடுப்புப் பூச்சும் இடாவிட்டால், கீழ்மாடித் தீயின் புகை அதன் வழியே மேலேறும். புதிய வாடகைக்காரருக்காகக் கேபிள் இழுப்பவர்கள் அந்தக் கம்பளியைப் பிய்த்துவிட்டுத் திருப்பி வைக்காமலே போவதுண்டு. மாடியைப் பொறுப்பேற்கும்போது முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது.