எத்தனை பேர் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்?

திருபுவனத்தில் பட்டுச் சேலை விற்கும் ஒரு கடை சொந்தமாக வெப்சைட் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 400 பேர் வருகிறார்கள். நூற்றுக்கு 2 பேர் ஆர்டர் போடுகிறார்கள். முந்தியை நெருக்கத்தில் காட்டும் வீடியோ சேர்த்தால் ஆர்டர் கூடுமா? வருகிறவர்களைக் கணினியே குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் மீதிப் பேருக்கு வீடியோ உள்ள பக்கத்தையும் காட்டும். இதைத்தான் ஏ/பி டெஸ்ட் என்கிறார்கள்.

ஐந்து நாளில் பக்கத்துக்கு 1,000 பேர். பழையதில் 20 ஆர்டர், புதியதில் 27. பலரும் இந்த இடத்திலேயே "வீடியோ ஜெயித்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தாலும், நான்கில் ஒரு முறைக்கும் மேல் இவ்வளவு இடைவெளி தற்செயலாகவே வரும். சராசரியாக 20 ஆர்டர் வரும் இடத்தில், ஒரு தடவை 13 வருவதும் இன்னொரு தடவை 27 வருவதும் சகஜம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகத்தை ஒரே பாத்தியில் நட்டுப் பார்த்து முடிவு சொல்வதில்லையே, அதே காரணம்தான்.

அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? அதற்கு முன் கடைக்காரர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எவ்வளவு கூடினால் வீடியோ எடுக்கும் செலவு கட்டுப்படியாகும்? என் பார்வையில் சோதனையின் உயிரே இந்தக் கேள்விதான். 2 சதவீதம் 2.5 ஆனால் போதும் என்கிறார் என்று கொள்வோம். கைக்கணக்கு எளிது. இரண்டுக்கும் நடுவில் உள்ள விகிதம் 2.25 சதவீதம், அதாவது 0.0225. வாங்காதவர்களின் விகிதமான 0.9775-ஆல் அதைப் பெருக்கி, 16-ஆல் பெருக்கி, வித்தியாசமான 0.005-இன் வர்க்கத்தால் வகுத்தால், பக்கத்துக்குச் சுமார் 14,000 பேர். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக நம்பும் வாய்ப்பு 5 சதவீதம், உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்ற வழக்கமான அளவுகளிலிருந்து வருவதுதான் அந்த 16.

மொத்தம் 28,000 பேர், அதாவது 70 நாள். 2 சதவீதம் 3 ஆக வேண்டும் என்றால் பக்கத்துக்கு 3,900 பேர், இருபது நாள் போதும். வித்தியாசம் பாதியானால் ஆள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேண்டும். அதனால் கூட்டம் குறைந்த கடை, பொத்தானின் நிறம் போன்ற சின்ன விஷயங்களில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம். சேலை வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுக்கும் வசதி மாதிரி பெரிய மாற்றங்களைச் சோதிக்கட்டும்.

தினமும் எட்டிப் பார்த்து, சாதகமான நாளில் நிறுத்துவதும் ஆபத்து. நடுவில் சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, ஏதாவது ஒரு முறை தேறினால் போதும் என்றால், 5 சதவீதப் பிழை 14 சதவீதமாகிவிடும். பத்து முறை பார்த்தால் 19. நடுவில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குத் தொடர்முறைச் சோதனை என்று தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அதை உருவாக்கியவர் ஆபிரகாம் வால்ட். இந்தியாவுக்குச் சொற்பொழிவுப் பயணம் வந்த அவர், 1950 டிசம்பரில் நம் நீலகிரியில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார்.

அப்புறம், காலம். சோதனை முழு வாரங்களாக ஓடட்டும். ஞாயிறு வருகிறவரும் செவ்வாய் வருகிறவரும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. ஆடித் தள்ளுபடிக்கு வருகிற கூட்டம் வேறு, ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டு தேடுகிறவர்கள் வேறு. ஆடியில் மட்டும் சோதித்த முடிவு ஆடிக்குத்தான் பொருந்தும்.